பொட்டி யாருது

பொட்டி யாருதுன்னா கேக்கறீங்க? நல்ல கேள்விங்க. கேக்க வேண்டிய ஆளுகிட்டயேதான் கேட்டிருக்கீங்க. உக்காருங்க. அந்த முனையில வேண்டாம், பெஞ்சு தூக்கிரும். இப்படி வாங்க.

நீங்க விசாரிக்க வந்த சென்னியப்பன் நான்தானுங்க.

அட, எந்திரிக்காதீங்க. இதுல வெக்கப்படறதுக்கு என்ன இருக்குது. பொண்ணு வீடு விசாரிக்கறதுன்னா டீக்கடையில, ரேசன் கடையில விசாரிக்கோணும், அதுதான் மொறை. நீங்களும் மொறையாத்தான் வந்தீங்க. உள்ள உக்காந்து டீ குடிக்கறது பொண்ணோட அப்பன்னு உங்களுக்கு எப்படித் தெரியும். காங்கேயத்துல இருந்து பையனோட தாய்மாமன் வருவாருன்னு தரகர் நேத்தே சொல்லிட்டான். செருப்பைத் தொடைச்சுட்டு டீக்கடைக்குள்ள வர்ற ஆளைப் பாத்ததும் நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சு.

எனக்கு ரெண்டு மணிக்கே டியூட்டி முடிஞ்சுது. எம்பட கதையை எம்பட வாயாலயே கேட்டுட்டுப் போங்க. பக்கத்து வூட்டுக்காரன் சொன்னா அதுல பாதி பொய்யி இருக்கும். நான் சொன்னா கால்வாசிதான் இருக்கும். நடராசு, இவருக்கு ஒரு டீ போடு. சக்கரை போடலாமுங்களா? போடு நடராசு.

எதுத்தாப்ல கேட்டு தெரியுது பாருங்க, அந்தப் பால் கம்பெனிதான். இருவத்திரெண்டு வருசம். சுத்துப்பட்டுப் பாலெல்லாம் இங்க வந்து குளுந்துட்டுத்தான் லாரி ஏறும். நான் பாலைத் தொடறதில்லீங்க, கம்ப்ரசர் ஓட்டறவன். பாலு நாலு டிகிரியில நிக்கோணும். அஞ்சுக்குப் போனா மணி அடிக்கும். அந்த நாலு அஞ்சாகாமப் பாத்துக்கறதுதான் எம்பட உத்தியோகம். இருவது வருசமா ஒரே ஒரு நம்பரைப் பாத்துட்டு உக்காந்திருந்தவன் நாப்பத்தஞ்சு வயசுல எதுக்கு வியாபாரத்துல எறங்குனான், அதானுங்களே உங்க அடுத்த கேள்வி?

படிப்பா? பகல்ல மில்லுல நூல் கோன் சுமந்துட்டு ராத்திரிப் பள்ளிக்கூடத்துல பத்தாவது முடிச்சேன். அப்புறம் ஏ.சி. மெக்கானிக் படிப்பு, அதுவும் சாயங்கால வகுப்பு. வெளிச்சத்துல நான் எதையும் படிச்சதில்லீங்க.

எங்கப்பன் போன வருசத்துக்கு முந்துன சித்திரையில தவறுனாரு. அக்கினி நச்சத்திரம். தம்பி சூரத்துல இருக்கறான், வந்து சேர ஒண்ணரை நாளாகும். ஈரோட்டுல இருந்து ஐஸ் பொட்டி ஒண்ணு வரவழைச்சோம். பாத்திருப்பீங்க, மேல கண்ணாடி, கீழ மெசினு, தவறுனவங்களை உள்ள வெச்சு மூடறது. நல்ல உச்சி வெயில்ல அது நின்னு போச்சு. கொண்டாந்தவன் போனை எடுக்கல. பொம்பளைங்கெல்லாம் மாரடிச்சு அழுகறாங்க. எனக்குப் பொட்டி மெசினுல ரிலே கிளிக்கு கிளிக்குன்னு அடிச்சுட்டு நிக்கறது மட்டும்தான் கேக்குது.

கொள்ளி வெக்க வேண்டிய மூத்த மகன், வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு அப்பன் காலடியில மல்லாக்கப் படுத்து ஸ்குரூ டிரைவர் போட்டுட்டு இருக்கறேன். எங்க பெரியத்தை சொல்லுச்சு, "அழுகறதுக்கு நாங்க இருக்கறோம், நீ அதைப் பாருடா"ன்னு. அப்பன் சாவுக்கு அழுகாதவன்னு ஒறம்பரை சனத்துல இன்னும் பேரு இருக்குது. இருக்கட்டும். முக்கா மணி நேரத்துல நாலு டிகிரிக்குக் கொண்டாந்தனுங்க. எவன் அழுது கொண்டாந்திருப்பான்?

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இந்தச் சுத்துல ஒரு ஒழுங்கான பொட்டி இல்ல. ஒழுங்கா ஓட்டத் தெரிஞ்ச ஆளும் இல்ல. நான் இருக்கறேன்.

முடிவு பண்றது சுலபமுங்க. பேருதான் பெரும்பாடு.

கம்பெனியில ஒரு ரூலு. நிரந்தரத் தொழிலாளி வேற தொழில் பண்ணக்கூடாது. எல்லாரும் என்ன பண்ணுவாங்க? பொண்டாட்டி பேருல பண்ணுவாங்க. எங்க கம்பெனிக்காரன் சம்சாரங்களைக் கணக்கெடுத்தா மளிகைக் கடை, மாவு மில்லு, ரெண்டு லாரின்னு நீளும். எங்க வாட்ச்மேன் சம்சாரத்துக்குக் கல்யாண மண்டபத்துல பங்கு இருக்குது. அந்தம்மா அந்த மண்டபத்தைப் பாத்ததுகூட இல்ல.

நானும் சாந்தாமணிகிட்டக் கேட்டேன். எம்பட சம்சாரம். தோசை சுட்டுட்டு இருந்தவ கரண்டியோட திரும்புனா.

"தாலி கட்டுனவ பேருல சாவுப் பொட்டியா?"

"பேப்பர்லதான் அம்மிணி."

"உங்கப்பன் செத்ததுக்கு அந்தப் பேப்பரு வாங்க மூணு மாசம் தாலுகா ஆபீசுக்கு நடந்தீங்களே. அப்பப் பேப்பரு சும்மாவா தெரிஞ்சுது?"

தோசையத் தின்னுட்டு எந்திரிச்சுட்டேன். கை கழுவறப்ப இன்னொண்ணும் சொன்னா, பொட்டி நம்ம கேட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு.

தம்பிகிட்டக் கேட்டேன். "அண்ணா, நான் பட்டுச் சேலை விக்கறவன், எனக்கு இது ஆகாது"ன்னுட்டான். மச்சினன்கிட்டக் கேட்டேன். "மாமா, நான் மலைக்கு மாலை போட்டிருக்கறேன்"னான். மாலை கழட்டுனதுக்கப்புறம் பேசலாமான்னேன். "அடுத்த வருசமும் போடுவேன் மாமா"ன்னான். எம்பட பொண்ணு மோகனா, நீங்க பாக்க வர்ற புள்ள, அது பேருல எழுத முடியுமுங்களா? கல்யாணம் ஆகாத புள்ள.

அப்பத்தான் மாரன் ஞாபகம் வந்துச்சு.

மாரன் கம்பெனியில டேங்கர் கழுவறவனா இருந்தான். காண்ட்ராக்ட் ஆளு. வயசாயிருச்சுன்னு நிறுத்திட்டாங்க. என்னைவிடப் பன்னெண்டு வயசு மூப்பு. "டேய் மாரா"ன்னா ஓடியாருவான், நல்ல மனுசன். காலனியில அவன் வூட்டுக்குப் பின்னால ஒரு ஷெட்டு கெடந்துச்சு. மகன் தறி போடறேன்னு கட்டி, போடாமயே திருப்பூர் போயிட்டான். ஊருக்குள்ள எனக்கு எவனும் எடம் குடுக்கலைங்க. மாரன் ஷெட்டுல வெச்சுக்கலாம்னான். அப்படியே உம்பேருலயே வாங்கிரட்டுமாடான்னேன்.

"எம்பேருலயுங்களா சாமி?"

"பேப்பர்லதாண்டா."

தலையச் சொறிஞ்சான். அப்புறம் "சரிங்க சாமி"ன்னான். அவ்வளவுதான். எங்க ஆளுங்க மாதிரி தாலி, மாலைன்னு ஒண்ணும் பேசல. அவங்களுக்கெல்லாம் இது பழக்கமுங்களே, ஒண்ணும் தெரியாது.

என்னோட பி.எப். பணம்தான். ஆனா கரண்ட் சர்வீசு அவன் பேருல. வண்டி அவன் பேருல. பேங்க் கணக்கு அவன் பேருல. கையெழுத்துப் போடத் தெரியாம இருந்தவனுக்கு நான்தான் பத்து நாளு உக்காந்து சொல்லிக் குடுத்தேன். மா, ர, ன். போர்டு எழுதறதுக்குப் பட்ட பாடு உங்களுக்குச் சொன்னாப் புரியாது. "எந்நேரமும் அழைக்கவும்"னு எழுதச் சொன்னா பெயிண்டரு பிரஷைக் கீழ வெச்சுட்டான். "தங்கள் வரவு"ன்னு ஆரம்பிச்சா ஓடியே போயிட்டான். கடைசியில போர்டுலயும் வண்டிக் கதவுலயும் வெறும் "ம. மாரன், குளிர்பெட்டி வாடகை". கீழ போன் நம்பரு. அதுவும் மாரன் நம்பருதான். என்னுதைப் போட்டா கம்பெனிக்குத் தெரிஞ்சுருமுங்களே.

விசித்திரமான தொழிலுங்க இது. வாங்கன்னு கூப்புடக்கூடாது. போயிட்டு வரேன்னு சொல்லக்கூடாது. ரொம்பச் சந்தோசம்னு சொன்னா அடி விழும். எவனும் நம்ம நம்பரை வெச்சுக்க மாட்டான், ஆனா வேணுங்கறப்ப எல்லாத்துக்கும் தெரியும்.

ஊருல எம்பட பேருதான் அடிபட்டுச்சு. பேப்பர்ல யாரு இருந்தா என்ன, ஊரு பேப்பரா படிக்குது? ஒரு தடவை எங்க தாய்மாமன் நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில கெடந்தாரு. ஆப்பிள் வாங்கிட்டுப் பாக்கப் போனேன். கட்டில்ல இருந்தவரு என்னைப் பாத்ததும் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. பக்கத்துக் கட்டில்காரன் நர்ஸைக் கூப்புடறான், "பொட்டிக்காரன் வந்துட்டான், யாருக்குன்னு கேளுங்க"ன்னு. மாமன் நல்லாயிட்டாரு, இன்னிக்கும் தோட்டத்துல தண்ணி கட்டறாரு. அதுக்கும் எம்மேல கோவம்தான். நான் வந்ததுனாலதான் நல்லாகறதுக்கு ஒரு வாரம் தாமசமாச்சாம்.

இந்த நடராசு இருக்கறானே, டீ போடறான் பாருங்க, இவன் என்ன பண்ணுனான் தெரியுங்களா? பொட்டி வாங்கி ஒரு மாசத்துல எனக்குப் பேப்பர் கப்புல டீ குடுத்தான். எனக்குங்க. இருவது வருசமா கண்ணாடி டம்ளர்ல குடிச்சவனுக்கு. "மனுசனை மனுசனாப் பாருடா"ன்னு அன்னிக்கு இந்தக் கடையே அதிர்ற மாதிரி பேசுனேன். கேளுங்க, அவனே சொல்லுவான். அன்னிக்கிருந்து டம்ளர்தான். இந்தா பாருங்க. மாரனுக்கா? அவன் உள்ள வரமாட்டானுங்க. அந்தப் புளியமரத்தடியில நின்னுக்குவான், கப்புல குடுத்துருவாங்க. அது அவன் பழக்கம். அதை விடுங்க, என் கதைக்கு வர்றேன்.

நான் எதுக்கும் அசையலைங்க. காலையில ஆறுல இருந்து ரெண்டு வரைக்கும் பாலு. அதுக்கப்புறம் பொட்டி. மாரன் கொண்டுபோயி வெப்பான், எடுத்தாருவான், கழுவுவான். நான் மெசினு. ஆரம்பத்துலயே மாரன்கிட்டச் சொல்லிட்டேன், "டேய், சாவுல பெரியவன் சின்னவன் கெடையாது. மொதல்ல சொன்னவனுக்கு மொதல்ல. யாரு வந்து கேட்டாலும் இதுதான் நம்ம சட்டம்"னு. மத்தவன் தொழிலுக்கும் நம்ம தொழிலுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கோணுமல்ல.

ஒரு வருசம் ஓடுச்சு. போன ஆவணியில ஒரு செவ்வாக்கெழமை. நான் கம்ப்ரசர் ரூம்புல இருக்கறேன். பத்து மணி இருக்கும், வாட்ச்மேன் ஓடியாறான், "பெரியதோட்டத்துச் சின்னப் பண்ணாடி கார்ல வந்து நிக்கறாரு"ன்னு. பெரியதோட்டம்னா இந்தப் பக்கம் தெரியாத ஆளில்ல. எங்க கம்பெனிக்கே அவங்க பாலுதான் அதிகம், மேனேஜர் அவங்களைக் கண்டா எந்திரிச்சு நிப்பாரு. அவங்கப்பா, பெரியவரு, விடிகாலம் தவறிட்டாராம். பொண்ணு ஆஸ்திரேலியாவுல இருந்து வரோணும், ரெண்டு நாளாகும்.

கார்ல இருந்து எறங்காமயே சொன்னாரு. "சென்னியப்பா, பொட்டிய அனுப்பு."

பாருங்க, பேப்பரு போர்டு எதுவும் பாக்கல. நேரா எங்கிட்ட வந்தாரு. எனக்கு அன்னிக்கு இருந்த சந்தோசம், சாவுச் சேதிக்குச் சந்தோசம்னு சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்றேன், மனசு நெறைஞ்சுபோச்சுங்க. பெரியதோட்டத்து வாசல்ல எம்பட பொட்டி போயி உக்காந்துருச்சுன்னா அப்புறம் எவன் வாயத் தெறப்பான்? எந்த மாமன் செவுத்தைப் பாப்பான்? எம்பட பொண்ணுக்கு வர்ற சம்பந்தம் எதுக்குத் திரும்பிப் போகும்? அப்பவே ரெண்டு போயிருந்துச்சுங்க.

மாரனுக்குப் போனடிச்சேன்.

"பொட்டி ரங்கம்மா வூட்டுல இருக்குதுங்க சாமி. காத்தாலயே வெச்சாச்சுங்க."

ரங்கம்மா காலனியில ஒரு களை வெட்டற பொம்பளை, அதுதான் தவறியிருக்குது. "எடுத்துட்டு வா"ன்னேன். "அது எப்படிங்க சாமி"ன்னான்.

பர்மிசன் போட்டுட்டு டி.வி.எஸ்ஸை எடுத்தேன்.

காலனியில தெருவுலயே பந்தல் போட்டிருக்குது. பொட்டி நடுவுல. நான் போனதும் ஒரு பையன் சேரு கொண்டாந்து போட்டான், ஒரு பொம்பளை சொம்புல தண்ணி கொண்டாந்துச்சு. தண்ணி வேண்டாம்னுட்டேன். தாகமில்லீங்க. நின்னமேனிக்கே மாரனைக் கூப்புட்டேன்.

"மாரா, பெரியதோட்டத்துல கேக்கறாங்கடா."

"தெரியுமுங்க சாமி."

"ஆஸ்திரேலியாவுல இருந்து ஆளு வரோணும்."

"இவ மகன் கண்ணூர்ல கல்லு வேலைங்க. பஸ் ஏறிட்டான். பொழுதோட வந்துருவானுங்க."

"டேய், அது பெரியதோட்டம்டா."

"மொதல்ல சொன்னவங்களுக்கு மொதல்லன்னு சாமிதானுங்க சொல்லிக் குடுத்தீங்க."

சொன்னேன்தானுங்க. இல்லைன்னு சொல்லல. ஆனா அது பொதுவாச் சொன்னது. ஒரு பேச்சைச் சொன்னா எந்த எடத்துல எப்படி எடுத்துக்கறதுன்னு ஒரு இது வேண்டாமுங்களா? எனக்கு ஆத்தரம் வந்துருச்சு. அத்தனை பேரு பாக்கறாங்க. கேட்டுட்டேன்.

"பொட்டி யாருதுடா?"

அவன் என்னைப் பாக்கல. வண்டியப் பாத்தான். வண்டிக் கதவுல எழுதியிருக்குதுல்ல, அதை.

"எம்பேருதானுங்க சாமி எழுதியிருக்குது."

சத்தமாச் சொல்லலைங்க. நிமிந்துகூடச் சொல்லல. கையக் கட்டிட்டு நின்னு சொன்னான். அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறல. சண்டைக்கு வந்திருந்தான்னா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், தீந்திருக்கும். மா, ர, ன்னு கையப் புடிச்சு எழுதக் கத்துக் குடுத்தவன் நானுங்க. அதை அவன் எங்கிட்டயே படிச்சுக் காட்டறான்.

சரி, நானே எடுத்துக்கறேன்னு போனேன். பிளக்கு எட்டற தூரத்துல இருக்குது. கைய வெச்சுட்டேன். யாரும் தடுக்கலைங்க. மாரனும் தடுக்கல. எல்லாரும் பாத்துட்டு உக்காந்திருக்காங்க, அவ்வளவுதான். ஒரு சத்தம் இல்ல.

சத்தம் இல்லாததுனால மெசினுச் சத்தம் கேட்டுச்சு. ஃபேன் எரையுது. மீட்டரப் பாத்தா ஏழு. என்னோட பொட்டியில ஏழு டிகிரி. சனங்க போட்ட மாலையில இருந்து சாமந்தி எதழெல்லாம் உள்ள போயி அடைச்சுக் கெடக்குது. இதைக்கூடப் பாக்காம என்னடா புடுங்குனீங்கன்னு உக்காந்து கழட்ட ஆரம்பிச்சேன். எதழை ஒவ்வொண்ணா எடுத்து, துணி போட்டுத் தொடைச்சு, மறுபடி மாட்டி. ஏழு ஆறாச்சு. ஆறு அஞ்சாச்சு. நாலு வர்றதுக்கு ஒண்ணரை மணி நேரம். அதுக்குள்ள பெரியதோட்டத்துக்குக் கோபியில இருந்து பொட்டி வந்துருச்சுன்னு சேதி வந்துச்சு.

நீங்க ஒண்ணு நெனைக்கறீங்க, மொகத்துல தெரியுது. அப்படியெல்லாம் இல்லீங்க. அந்தப் பொம்பளைக்காக நான் உக்காரல. அந்தப் பொம்பளை யாருன்னே எனக்குத் தெரியாது. ஓடிட்டு இருக்கற மெசினை அந்த நெலமையில புடுங்குனா கம்ப்ரசர் போயிரும். எந்த மெக்கானிக்கா இருந்தாலும் அதைத்தான் பண்ணுவான். மாரனுக்கு நான் விட்டுக் குடுத்தேன்னு காலனியில பேசிக்கறாங்களாம். நான் யாருக்கும் எதையும் விட்டுக் குடுக்கல.

பெரியதோட்டத்துல பத்தாம் நாளு காரியம் முடிஞ்ச மறுநாள் மேனேஜர் கூப்புட்டு மெமோ குடுத்தாரு. வேற தொழில் பண்றீங்க, அதுவும் சாவுத் தொழிலு, பாலு வர்ற எடத்துல, ஏன் வேலைய விட்டு நிறுத்தக் கூடாதுன்னு. யாரு சொல்லிக் குடுத்துருப்பாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. நான் சொன்னேன், "சார், நான் பாலைத் தொட்டதே இல்ல. எனக்குத் தெரிஞ்சது குளிரு மட்டும்தான். பாலும் நாலு டிகிரி, அதுவும் நாலு டிகிரி. மெசினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்"னு. மேனேஜர் மேசையில இருந்த காப்பியத் தள்ளி வெச்சுட்டாரு.

மூணு நாளுல எழுத்துல பதில் குடுக்கோணும்னாங்க. வேலையா, பொட்டியா. பதிமூணு வருச சர்வீசு பாக்கி இருக்குது. அதுக்காகப் பொட்டிய விடறதா? பொட்டிக்காக வேலைய விடறதா? ரெண்டையும் விட மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். ராத்திரிப் பள்ளிக்கூடத்துல எங்க வாத்தியாரு மொத வருசம் முழுக்க மனு எழுதத்தான் சொல்லிக் குடுத்தாரு. கத்துக்கிட்டவன் எதுக்குப் பயப்படோணும்? எழுதுனேன். மனப்பாடமாவே சொல்றேன் கேளுங்க.

"ஐயா, மேற்படி குளிர்பெட்டித் தொழில் திரு. மாரன் அவர்களுக்கு முழுமையாகச் சொந்தமானது. அதில் எனக்கு எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை. அவர் கேட்டுக்கொண்டால், எனது ஓய்வு நேரத்தில் இயந்திரக் கோளாறுகளைச் சரிசெய்து கொடுத்து வருகிறேன். இங்ஙனம்."

திரு. மாரன் அவர்கள்னு எழுதறப்ப பேனா ஒரு எடத்துல நின்னுச்சுங்க. மை இல்லையோன்னு ஒதறிப் பாத்தேன். மை இருந்துச்சு.

மேனேஜர் அதுல முத்திரையக் குத்திட்டு, மாரனும் கையெழுத்துப் போடோணும்னு சொல்லிட்டாரு. ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். அவன் மருமக படிச்சுக் காட்டுச்சு. ரெண்டு தடவை படிக்கச் சொன்னான். அப்புறம் நிதானமாப் போட்டான். மா, ர, ன். "சாமி, இதுல ஒரு ஜெராக்ஸ் எனக்கும் வேணுங்க"ன்னான். எதுக்குன்னு தெரியல. கம்பெனி முத்திரை வெச்ச பேப்பரு, வூட்டுல மாட்டி வெக்கறதுக்கா இருக்கும். எடுத்துக் குடுத்தேன்.

எப்படி மடக்குனேன் பாத்தீங்களா? வேலையும் இருக்குது, பொட்டியும் இருக்குது. கம்பெனி ஒண்ணும் பண்ண முடியல.

தையில ரெண்டாவது பொட்டி வந்துச்சு. அதுக்கு மாரன் பேருல பேங்க் லோனு குடுத்தாங்க. அவங்களுக்குன்னு ஒரு திட்டம் இருக்குதாம், அந்த ஜெராக்ஸைக் காட்டுனதும் பேங்க்காரன் உக்கார வெச்சுப் பேசுனானாம். அதுவும் என்னுதுதானுங்க, ஒரு வகையில. மொதப் பொட்டி இல்லாம ரெண்டாவது வருமா? மாசம் ஒண்ணாந்தேதியானா மாரன் ஒரு கவரைக் கொண்டாந்து குடுத்துருவான். ஒரு மாசம் தவறுனதில்ல. மேல என்னோட பேரு எழுதி, உள்ள அளவாப் போட்டு. லாபத்தை அப்படித்தான் பிரிச்சுக்கறோம். ஏன் சிரிக்கறீங்க?

இப்ப உங்க சங்கதிக்கு வர்றேன். வூட்டுல சாந்தாமணி தெளிவாச் சொல்லி அனுப்பிச்சிருக்கறா. காங்கேயத்துக்காரங்க கேட்டா, பொட்டிக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்லிருங்க, அதான் எழுத்துலயே இருக்குதே, பொய்யும் இல்லன்னு. ரெண்டு சம்பந்தம் இதனாலயே போயிருச்சு, மூணாவதும் போச்சுன்னா உங்களைத்தான் அந்தப் பொட்டியில வெப்பேன்னா. நான் சொன்னேன், கல்யாண விசயத்துல உண்மையைத்தான் சொல்லோணும்னு. மோகனா பி.காம். படிச்ச புள்ள, துணி மடிச்சுட்டே கேக்குது, "எந்த உண்மையச் சொல்லப் போறீங்கப்பா?"ன்னு. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குப் பெத்தவங்ககிட்டப் பேசத் தெரியலைங்க.

உங்க மொகம் இப்பத் தெளிஞ்சிருக்குது. உங்க அக்காகிட்ட என்ன சொல்லலாம்னு மனசுக்குள்ள எழுதிட்டீங்க. பொட்டி அவருது இல்ல, யாரோ ஒருத்தனுது, ரிப்பேர் பாத்துக் குடுக்கறாரு, அவ்வளவுதான். அப்படித்தானுங்களே?

அப்படிச் சொல்லாதீங்க.

பொட்டி என்னுதுங்க. கம்பெனிக்கு எழுதிக் குடுத்தேன், அது வயித்துப் பொழப்பு. உங்களுக்கு எழுதிக் குடுக்க மாட்டேன். எங்கப்பன் காலடியில படுத்து எடுத்த முடிவு அது. எம்பட பி.எப்., எம்பட கை, எம்பட நாலு டிகிரி. சாவுப் பொட்டிக்காரன் பொண்ணு வேண்டாம்னா வேண்டாம்னு போயிச் சொல்லுங்க. உங்க வூட்டுக்கும் என்னிக்காச்சும் ஒரு பொட்டி வரும். சாபம் இல்லீங்க, தொழில் நெலவரத்தைச் சொன்னேன். அன்னிக்கு அது ஒழுங்கா ஓடோணும்னு நெனைக்கறவங்களா இருந்தா பொண்ணு பாக்க வாங்க. பொண்ணு நல்ல பொண்ணு. வாய் மட்டும் கொஞ்சம்.

ஆரன் சத்தம் கேக்குதுங்களா? அந்த வெள்ளை வண்டிதான். ஆமாங்க, பக்கத்துல உக்காந்திருக்கறதுதான் மாரன், ஓட்டறவன் அவன் மருமகனா இருக்கும்.

அவன்கிட்டக் கேக்கறேங்கறீங்களா?

உக்காருங்க. வேண்டாமுங்க. நான் சொன்னதே போதும். இல்லீங்க, பயம் என்ன பயம். அவன் "என்னுதுங்க"ன்னு சொல்லிட்டான்னு வெச்சுக்குங்க, உங்களுக்குச் சந்தோசம், கல்யாணம் நடந்துரும், நான் எந்த மொகத்தோட அந்த மணவறையில நிக்கறது? "சாமியுதுங்க"ன்னு சொன்னா, நீங்க காங்கேயம் பஸ்ஸைப் புடிச்சுருவீங்க, எம்பட வூட்டுல எனக்குச் சோறு இல்ல. எதைச் சொல்லுவான்னு எனக்கே தெரியாதுங்க. அன்னிக்கு அந்தப் பந்தல்ல கேட்டதோட சரி. அதுக்கப்புறம் நான் கேட்டுக்கல.

என்னடா மாரா? எந்தப் பொட்டி, புதுசா? கூலிங் நிக்கலையா? எந்த ஊரு? எத்தனை மணிக்கு எடுக்கறாங்களாம்?

நெரிஞ்சிப்பேட்டையாம். நாளைக்குத்தான் எடுக்கறாங்களாம். இந்த வெயில்ல தாங்காதுங்க, போகோணும். நீங்க டீயக் குடிங்க, ஆறிப்போச்சு பாருங்க. அவன்கிட்டக் கேட்டே ஆகோணும்னா இன்னொரு நாளைக்கு வந்து கேளுங்க. இப்ப அவனுக்கு எங்கிட்ட சோலி இருக்குது.

வரேன் மாரா. எம்பட டி.வி.எஸ்ஸு பின்னால இருக்கற டூல்ஸ் பொட்டிய எடுத்துக்கறேன், இரு.